முதியோர் இல்லத்துக்கு மீண்டும் ஒருமுறை: சமூகப் பணியைப் பாடமாக்குவது எப்படி?

கேள்வி: நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்கு 20 மணி நேரம் சமூகப் பணி செய்து, அதற்கான கையெழுத்தைப் பெற்று வர வேண்டும் என்று சென்ற ஆண்டு எங்கள் பள்ளியில் விதி வந்தது. பூங்காவில் குப்பை அகற்றினோம். ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பாட்டுப் பாடினோம், பரிசுப் பொருள்கள் கொடுத்தோம், குழுவாகப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். வரும் வழியில் எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு மாணவன், "20 மணி நேரம் முடிந்துவிட்டால் அப்புறம் போக வேண்டாம்தானே, டீச்சர்?" என்று கேட்டான். இந்த ஆண்டு சமூகப் பணியைப் பாடத்தோடு இணைத்து நடத்தும்படி தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். எப்படி இணைப்பது? எதற்கு மதிப்பெண் போடுவது? பாட நேரம் வீணாகிறது என்று குறைப்படும் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளைவிட, போகிற போக்கில் எழுதிவிட்ட அந்தக் கூச்சத்தைப் பற்றிய வரியில்தான் என் கண் நின்றது. அந்தக் கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அங்கே இருந்தவர்களிடம் உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை; பாட்டும் பரிசும் படமும் பள்ளியிலேயே முடிவாகிவிட்டன. அந்த முதியவர்கள் உங்கள் மாணவர்களின் நல்லெண்ணத்தை வெளிப்படுத்துவதற்கு ஒரு மேடையாக அமைந்தார்கள் என்பதைத் தவிர, அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் வேறு பங்கு இருக்கவில்லை. இதை உணர்ந்து கூசிய ஓர் ஆசிரியரிடம் நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியது அதிகம் இல்லை. அந்த உணர்வைப் பாடத்திட்டமாக எப்படி மாற்றுவது என்பதை மட்டும் சொல்கிறேன்.

சமூகப் பணியையும் பாடத்தையும் இணைப்பது என்றால், பாடம் முடிந்த பிறகு ஒரு நல்ல காரியத்தைச் சேர்த்துக்கொள்வது என்று பல பள்ளிகள் புரிந்துகொண்டிருக்கின்றன. தாவரங்களைப் பற்றிப் படித்தோம், ஆகவே மரக்கன்று நட்டோம் என்பதைப் போல. நடுவதற்குத் தாவரவியல் தேவைப்படவில்லை; நட்டதால் தாவரவியலும் கூடுதலாகப் புரிந்துவிடவில்லை. நான் ஒரே ஒரு சோதனையைத்தான் வைப்பேன். அந்தப் பாடம் தெரியாத ஒருவரால் அந்தப் பணியைச் செய்ய முடியுமா? அந்தப் பணியைச் செய்யாத ஒருவருக்கு அந்தப் பாடம் அதே அளவுக்குப் புரிந்திருக்குமா? இரண்டுக்கும் "ஆம்" என்று பதில் வந்தால், பணியும் பாடமும் அருகருகே நிற்கின்றன, இன்னும் இணையவில்லை என்று பொருள். பூங்காவில் குப்பை அகற்றியது நல்ல செயல்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்வதற்கு எட்டாம் வகுப்பு அறிவியல் தேவைப்படவில்லை.

பணியையும் பாடத்தையும் இப்படி இணைத்துக் கற்பிக்கும் முறையை இன்று நாம் சேவைவழிக் கற்றல் என்கிறோம். அந்தப் பெயர் 1960-களில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கல்லூரி மாணவர்களைச் சமூகத் திட்டங்களில் ஈடுபடுத்திய ராபர்ட் சிக்மன், வில்லியம் ராம்சே ஆகியோரின் பணியிலிருந்து வந்தது. எண்ணம் அதற்கும் முந்தையது. கையால் செய்யும் பயனுள்ள வேலையை மையமாக வைத்தே எல்லாப் பாடங்களையும் கற்பிக்க வேண்டும் என்று 1937-இல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்தார். அனுபவத்தின் வழியாகவே கல்வி அமைகிறது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடிய அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி, 1938-இல் எழுதும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தார். எல்லா அனுபவமும் கற்பிப்பதில்லை, சில அனுபவங்கள் தவறாகவும் கற்பித்துவிடும் என்பது அது. சமூகப் பணியில் இறங்கும் ஆசிரியர்கள் அதிகம் மறந்துபோவது இந்த எச்சரிக்கையைத்தான். அரைமணி நேரம் முதியோர் இல்லத்தில் பாடிவிட்டு வந்த மாணவன் ஒன்றுமே கற்றுக்கொள்ளாமல் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முதியவர்கள் என்றால் இரங்கத்தக்கவர்கள், நாம் கொடுப்பவர்கள், அவர்கள் வாங்குபவர்கள் என்று கற்றுக்கொண்டு வந்திருந்தால், அதை அழித்துவிட்டுத் திரும்ப எழுதுவது கடினம்.

இதே சிக்மன் 1979-இல் மூன்று கொள்கைகளை வகுத்தார். அவற்றில் முதலாவது, எந்தச் சேவை வேண்டும் என்பதைச் சேவை பெறுவோரே தீர்மானிக்க வேண்டும் என்பது. நான் இதை ஏட்டிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். உண்மையில் ஒரு பெண்மணியிடமிருந்து கற்றேன். நான் வகுப்பாசிரியராக இருந்த காலத்தில், கிருமிகளைப் பற்றிய பாடத்தை முடித்ததும், கை கழுவுவதன் அவசியத்தை விளக்கும் சுவரொட்டிகளை மாணவர்களைக் கொண்டு எழுதச் செய்து, பள்ளிக்கு அருகே நெருக்கமாக வீடுகள் இருந்த ஒரு குடியிருப்பில் ஒட்ட அழைத்துச் சென்றேன். பாடம் இருந்தது, பணி இருந்தது, இரண்டுக்கும் தொடர்பும் இருந்தது. என்னளவில் எல்லாம் சரியாக இருந்தது. ஒட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் நின்ற அந்தப் பெண்மணி சொன்னார்: "கை கழுவணும்னு எங்களுக்கும் தெரியும் சார். தண்ணி எப்ப வரும், எவ்வளவு நேரம் வரும்னு யாராவது எழுதித் தந்தா நல்லாயிருக்கும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் நினைவில் இருக்கிறது. மறு வாரத்திலிருந்து மாணவர்கள் சிலர் அங்கிருந்த பொதுக் குழாயில் தண்ணீர் வந்த நேரத்தையும், ஒரு வாளி நிரம்ப எடுத்த வினாடிகளையும் நாள்தோறும் குறித்து, 14 நாள்களுக்குப் பிறகு ஓர் அட்டவணையாக அவரிடம் கொடுத்தார்கள். அந்த அட்டவணைதான் அந்தக் குடியிருப்பினர் எழுதிய மனுவோடு இணைக்கப்பட்டது. சுவரொட்டிகளைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

ஆகவே இடத்தை மாற்றாதீர்கள். நீங்கள் கூச்சப்பட்ட அதே முதியோர் இல்லத்துக்கே மீண்டும் போங்கள். இந்த முறை மாணவர்கள் இல்லாமல், பரிசு இல்லாமல், நீங்கள் மட்டும் முதலில் போய், அங்கு வசிப்பவர்கள் சிலரிடமும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்களிடமும் தனித்தனியாக உட்கார்ந்து பேசுங்கள். "உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டால் "ஒன்றும் வேண்டாம் அம்மா, நீங்கள் வந்ததே போதும்" என்றுதான் பதில் வரும். அன்றாட வாழ்க்கையைப் பற்றிக் கேளுங்கள். காலையில் எழுந்ததிலிருந்து எந்த வேலை சிரமமாக இருக்கிறது, எங்கே நடக்கும்போது பயமாக இருக்கிறது, எதைச் செய்ய இன்னொருவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். குளியலறைத் தரை வழுக்குகிறது, குழாயைத் திருகக் கை வலிக்கிறது, இரவில் நடைகூடத்தில் படி தெரிவதில்லை, மருந்துப் பெட்டியில் உள்ள எழுத்தைப் படிக்க முடியவில்லை, யாராவது வேகமாகப் பேசினால் பாதிதான் விளங்குகிறது என்பன போன்ற பதில்கள் வரக்கூடும். நான் ஊகித்துச் சொல்கிறேன். அங்கே வேறு ஏதேனும் வரலாம். ஆனால் இந்தப் பட்டியலை ஒரு கணம் அறிவியல் ஆசிரியையாகப் பாருங்கள். உராய்வு, விசையின் திருப்புதிறன், ஒளி, ஒலி. உங்கள் ஆண்டுப் பாடத்திட்டத்தில் கணிசமான பகுதி அந்தக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது.

உராய்வை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில்தான் பணியும் பாடமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்கின்றன. வகுப்பறையில் ஒரு மரக்கட்டையைச் சுருள்வில் தராசால் இழுத்து, இழுக்கத் தேவைப்படும் விசையைக் கட்டையின் எடையால் வகுத்து உராய்வுக் கெழுவைக் கண்டுபிடிப்பது நம் எல்லோருக்கும் பழகிய சோதனை. மாணவர்கள் அதைச் செய்கிறார்கள், விடையை எழுதுகிறார்கள், மறந்துவிடுகிறார்கள். இப்போது அதே கட்டையின் அடியில், அந்த இல்லத்தில் வசிப்பவர்கள் அணியும் வகையான செருப்பின் அடித்தோலை ஒட்டி, நடைகூடத் தரையில் உலர்ந்த இடத்திலும், தண்ணீர் சிந்திய இடத்திலும், சோப்புத் தண்ணீர் நின்ற இடத்திலும் இழுக்கச் சொல்லுங்கள். 10 நியூட்டன் எடையுள்ள கட்டையை நகர்த்த உலர்ந்த தரையில் 6 நியூட்டனும், சோப்பு நீரில் 2 நியூட்டனும் தேவைப்பட்டால், கெழு 0.6-இலிருந்து 0.2-க்கு இறங்கிவிட்டது என்று ஒரு மாணவி எழுதும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் அவள் பேசிப் பழகிய ஒரு பாட்டி இருக்கிறார். உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,84,000 பேர் தவறி விழுந்து உயிரிழக்கிறார்கள் என்றும், உயிரைப் பறிக்கும் அத்தகைய விபத்துகள் 60 வயதைக் கடந்தவர்களிடையேதான் மிக அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தத் தகவலை அளவீட்டுக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள். அளந்து முடித்த பிறகு சொல்லுங்கள், அப்போதுதான் 0.2 என்பதன் கனம் தெரியும்.

அளவீடு ஒருமுறை எடுத்தால் போதாது என்பதையும் அங்கேதான் மாணவர்கள் நம்புவார்கள். ஒரே இடத்தில் மூவர் இழுத்தால் மூன்று விடை வரும். வகுப்பறையில் என்றால் ஒன்றைப் பார்த்து மற்றவர்கள் திருத்தி எழுதிக்கொள்வார்கள். ஒரு குளியலறையில் எந்த மூலையில் வழுக்காத விரிப்பைப் போட வேண்டும் என்று பரிந்துரைக்கப்போகும் குழுவுக்கு அப்படித் திருத்தும் துணிச்சல் வராது. ஏன் வேறுபடுகிறது, எத்தனை முறை அளந்து சராசரி எடுப்பது, எந்த அளவீட்டைத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது என்ற விவாதம் தானாக எழும். நாம் அறிவியல் மனப்பான்மை என்று பாடநூலின் முன்னுரையில் எழுதிவைப்பது அந்த விவாதத்தைத்தான்.

குழாய்த் திருகும் அப்படியே. 2.5 சென்டிமீட்டர் ஆரம் உள்ள உருண்டைத் திருகைத் திருப்பத் தேவைப்படும் விசையில் கால் பங்கு இருந்தால் போதும், 10 சென்டிமீட்டர் நீளமுள்ள நெம்புகோல் கைப்பிடியைத் திருப்பலாம் என்பதை மாணவர்களே கணக்கிட முடியும். மூட்டுவலி உள்ள ஒருவருக்கு அந்தக் கால் பங்கு என்றால் என்ன என்பதை அவர் வாயால் கேட்கட்டும். கணித ஆசிரியர் உங்களோடு சேரத் தயாராக இருந்தால் ஒழுகும் குழாயை அவரிடம் ஒப்படையுங்கள். 250 மில்லிலிட்டர் குவளை 10 நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 36 லிட்டர், ஓர் ஆண்டுக்கு 13,140 லிட்டர். விகிதமும் அலகு மாற்றமும் அதற்குள் அடங்கிவிடும். ஒலி பற்றிய பாடத்துக்கு வரும்போது, வயது ஏறும்போது உயர் அதிர்வெண் ஒலிகளைக் கேட்கும் திறனே முதலில் குறைகிறது என்பதைச் சொல்லி, சென்ற ஆண்டு நாம் ஒலிபெருக்கி வைத்துப் பாடியது அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று மாணவர்களையே யோசிக்கச் சொல்லுங்கள். ஒளிக்கும் இதே போன்ற வழி உண்டு: முதுமையில் கண்ணின் பாவை சுருங்குகிறது, வில்லை மஞ்சளிக்கிறது, விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி குறைகிறது. நமக்குப் போதுமானதாகத் தோன்றும் வெளிச்சம் அவர்களுக்குப் போதாது. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஓர் அலகு, ஆறு வாரம், இரண்டு அல்லது மூன்று முறை நேரில் செல்வது, மற்ற வேலை அனைத்தும் வகுப்பறையில். முதல் ஆண்டுக்கு இதுவே அதிகம்.

முடிவில் மாணவர்கள் எதையாவது கையளிக்க வேண்டும். அது அந்த இல்லத்தின் பொறுப்பாளர் படித்துப் பயன்படுத்தக்கூடிய இரண்டு பக்க அறிக்கையாக இருக்கட்டும். எங்கே அளந்தோம், எப்படி அளந்தோம், என்ன கண்டோம், எதை முதலில் மாற்றலாம், எது எங்களுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்ற ஐந்தும் அதில் வேண்டும். மொழி ஆசிரியரின் உதவியை இதற்குக் கேளுங்கள். உண்மையான ஒருவர் படிக்கப்போகும் அறிக்கையை எழுதும்போது பிள்ளைகள் ஒரு வாக்கியத்தை நான்கு முறை திருத்துவதை அவரும் பார்க்கட்டும். அந்த அறிக்கையை அங்கு வசிப்பவர்கள் முன்னிலையில் மாணவர்களே படித்துக்காட்ட வேண்டும், அவர்கள் மறுத்துச் சொன்னால் திருத்தவும் வேண்டும். "அந்த மூலையில் விரிப்பைப் போட்டால் என் சக்கர நாற்காலி போகாது" என்று ஒரு தாத்தா சொல்லக்கூடும். அன்று அந்த அறையில் ஆசிரியர் அவர்தான்.

அடுத்து, பலர் சடங்காக முடித்துவிடுகிற ஒரு பகுதி: திரும்பிப் பார்த்து எழுதுவது. "இந்த அனுபவத்தில் நீ என்ன உணர்ந்தாய்?" என்று கேட்டால், "மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது, பெரியவர்களுக்கு உதவ வேண்டும் என்று புரிந்தது" என்று நாற்பது தாள்களிலும் வரும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நாம் எதிர்பார்க்கும் விடையைத்தான் எழுதுகிறார்கள். கேள்வி கூர்மையாக இருந்தால் விடையும் கூர்மையாக வரும். போவதற்கு முன்: அந்தத் தரையில் எந்த இடம் மிக ஆபத்தானது என்று நினைக்கிறாய், ஏன்? வந்த அன்றே: உன் கணிப்பு எங்கே தவறியது? நீ பேசியவர் சொன்னவற்றில் உன் அளவீட்டோடு ஒத்துப்போகாதது எது? ஒரு வாரம் கழித்து: அந்தத் தரை இத்தனை ஆண்டுகளாக அப்படியே இருக்கக் காரணம் என்ன, அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அது அறிவியலிலிருந்து குடிமைப் பாடத்துக்கு நடக்கும் பாலம். அமெரிக்கக் கல்வியாளர் டெர்ரி போர்ட்டன் 1970-இல் ஆசிரியர்களுக்காக எழுதிவைத்த மூன்று சிறு கேள்விகள், அதாவது "என்ன, அதனால் என்ன, இனி என்ன" என்பவை, இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள உதவும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் எழுதினால் போதும். இறுதியில் ஒரே நீண்ட கட்டுரையாக எழுதச் சொல்வதைவிட இது பலமடங்கு பயன் தரும்.

மதிப்பெண் பற்றிக் கேட்டீர்கள். மதிப்பெண் கற்றலுக்கு, சேவைக்கு அல்ல என்று கல்வியாளர் ஜெஃப்ரி ஹோவார்ட் 1993-இல் வகுத்துக்கொடுத்த விதியை நான் இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை. கருணைக்கு மதிப்பெண் போட முடியாது. போட முயன்றால் கருணையைப் போலச் செய்துகாட்டும் திறமைக்குத்தான் போடுவோம். யார் அதிக நேரம் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ளத் தொடங்கினால், அடுத்த முறை எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள், அதோடு அந்தக் கைப்பிடிக்கு மதிப்பே போய்விடும். கணிப்புக்கும் அதற்கான காரணத்துக்கும், அளவீட்டின் ஒழுங்குக்கும், கிடைத்த எண்ணை உராய்வுக் கோட்பாட்டோடு பொருத்தி விளக்கியதற்கும், கருத்தை மாற்றிக்கொண்டால் ஏன் மாற்றிக்கொண்டோம் என்று எழுதியதற்கும் மதிப்பெண் கொடுங்கள். கூச்ச சுபாவமுள்ள, பெரியவர்களிடம் பேசத் தயங்கும் மாணவருக்கும் இதனால் இழப்பு இருக்காது. அறிக்கை பயன்பட்டதா என்ற கேள்விக்கான பதிலை இல்லத்தின் பொறுப்பாளரிடம் கேட்டு வாங்கி வகுப்பில் படித்துக்காட்டுங்கள், ஆனால் அதை மதிப்பெண்ணாக மாற்றாதீர்கள்.

இனி, 20 மணி நேரத்தைப் பற்றிக் கேட்ட அந்த மாணவன். அவன் கேட்டதில் தவறே இல்லை. கையெழுத்துக்காகச் செய்யச் சொன்ன வேலையைக் கையெழுத்து கிடைத்ததும் நிறுத்துவதுதான் இயல்பு. மணிக்கணக்கு விதி உலகில் பல இடங்களில் இருக்கிறது: அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க 75 மணி நேரம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1999 முதல் 40 மணி நேரம். கட்டாயப் பணி மாணவர்களின் மனத்தில் என்ன செய்கிறது என்று ஸ்டூக்காஸ், ஸ்னைடர், கிளேரி ஆகிய மூன்று உளவியலாளர்கள் ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். தாங்களாகவே தொண்டு செய்ய முன்வந்திருக்க மாட்டோம் என்று உணர்ந்தவர்களிடம், கட்டாயப்படுத்தியதால் பிற்காலத்தில் தொண்டு செய்யும் எண்ணம் தளர்ந்துபோகலாம் என்பதே அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி. விதியை உங்களால் மாற்ற முடியாது. அதற்குள் தெரிவுக்கு இடம் கொடுக்க முடியும். எந்தச் சிக்கலை ஆராய்வது, அளப்பதா, பேசிக் கேட்பதா, எழுதுவதா, வரைபடம் தயாரிப்பதா, யாரோடு சேர்ந்து செய்வது என்பவற்றை அவனே முடிவு செய்யட்டும். தலைமையாசிரியரிடம் ஒன்றே ஒன்று கேட்டுப் பெறுங்கள்: நேரில் சென்ற நேரம் மட்டுமல்லாமல், அதற்காகத் தயாரித்த, கணக்கிட்ட, எழுதிய நேரமும் அந்த 20 மணியில் சேர வேண்டும். இது சின்னச் சலுகையாகத் தோன்றும். ஆனால் எது வேலை என்று பள்ளி கருதுகிறது என்பதை மாணவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறார்கள்.

பெற்றோரின் கவலையை நான் மதிக்கிறேன். சென்ற ஆண்டு நடந்ததைப் பார்த்து அவர்கள் பாட நேரம் வீணாகிறது என்று சொல்லியிருந்தால், சொன்னது சரிதான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு இந்த ஆண்டு எந்த அலகு, எத்தனை பாடவேளை, எந்தத் தேர்வுக் கேள்விகளுக்கு இது தயார்செய்கிறது என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். உராய்வு அலகுக்கு வழக்கமாக எத்தனை பாடவேளை எடுத்துக்கொள்வீர்களோ, அதைவிட இரண்டு மூன்று கூடும்; அதை மறைக்க வேண்டாம். ஆய்வு என்ன சொல்கிறது என்று கேட்பவர்கள் இருந்தால், 2011-இல் செலியோ, டர்லாக், டிம்னிக்கி ஆகியோர் 62 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற 11,837 மாணவர்களையும் ஒன்றுதிரட்டிப் பார்த்த தொகுப்பாய்வைச் சொல்லலாம். தன்னைப் பற்றிய மதிப்பு, பள்ளியின் மீதான நாட்டம், சமூக ஈடுபாடு, பழகும் திறன், பாடத் தேர்ச்சி ஆகிய ஐந்திலும் முன்னேற்றம் தெரிந்தது. அவற்றுள் பாடத் தேர்ச்சியில்தான் விளைவு மிகுதி. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: பாடத்திட்டத்தோடு இணைப்பது, மாணவர்களுக்குத் தெரிவுரிமை தருவது, சமூகத்தைப் பங்காளியாக்குவது, திரும்பிப் பார்த்துச் சிந்திக்கச் செய்வது ஆகியவை சேர்ந்த திட்டங்களில் பலன் கூடுதலாக இருந்தது. பெற்றோருக்கு முதல் பாதியைச் சொல்லும்போது, இரண்டாம் பாதி உங்கள் மீது வைக்கும் பொறுப்பையும் சேர்த்தே சொல்லுங்கள். எண்களைவிட அவர்களை இணங்கவைப்பது வேறொன்று: அறிக்கை வாசிக்கும் நாளில் இரண்டு பெற்றோரை உடன் வரச் சொல்லுங்கள்.

சில எச்சரிக்கைகள் உண்டு. அங்கு வசிப்பவர்களின் படத்தை அவர்களுடைய தெளிவான சம்மதம் இல்லாமல் எடுக்க வேண்டாம். சம்மதம் கேட்கும்போது மறுப்பதும் எளிதாக இருக்கும்படி கேளுங்கள். உங்கள் திட்டத்துக்குப் படமே தேவையில்லை என்பது என் கருத்து. அளவீட்டு அட்டவணை போதும். அவர்களுடைய நோய், குடும்பம், இங்கு வந்த கதை ஆகியவற்றை மாணவர்கள் துருவிக் கேட்கக் கூடாது, தாமாகச் சொன்னால் அதை வெளியே பேசக் கூடாது. தண்ணீர் சிந்தி அளக்கும்போது அந்த இடத்தை மறித்துவைத்து, முடிந்ததும் உலரத் துடைத்துவிட்டே நகர வேண்டும். வழுக்குதலை ஆராயப் போனவர்களால் யாரும் வழுக்கி விழக் கூடாது. உடன் வேறொரு ஆசிரியர் கட்டாயம் வரட்டும். பணியாளர்களைக் குறைகூறும் தொனி அறிக்கையில் எங்கும் வந்துவிடாமல் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். அவர்கள் குறைந்த ஆட்களோடு நிறைய வேலை செய்பவர்கள், நாளை அந்தப் பரிந்துரையைச் செயல்படுத்த வேண்டியவர்களும் அவர்களே.

இன்னும் ஒன்று மனத்தில் இருக்கட்டும். மாணவர்கள் பரிந்துரைத்தது நடக்காமல் போகலாம். இல்லத்தில் பணம் இல்லாமல் இருக்கலாம், கட்டடம் வாடகைக் கட்டடமாக இருக்கலாம். இதைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிட்டு, அவர்கள் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று கைதட்டி முடிப்பது அவர்களுக்குச் செய்யும் துரோகம். இரண்டு மாதம் கழித்து மீண்டும் போய், என்ன மாறியது, என்ன மாறவில்லை, ஏன் என்று கேட்டு வாருங்கள். மாறாததற்கான காரணம் நியாயமாக இருந்தால் அதுவும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு வருபவர்கள் அந்த இடத்திலிருந்து தொடரலாம். ஆண்டுக்கு ஓர் இடம் என்று மாறிக்கொண்டே போவதைவிட, ஒரே இடத்தோடு நான்கைந்து ஆண்டுகள் உறவு வைத்திருப்பது இரு தரப்புக்கும் நல்லது. முதல் ஆண்டு விருந்தாளிகளாகப் போகும் உங்கள் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாம் ஆண்டில் அங்குள்ளவர்கள் வேலை சொல்லிக் கூப்பிடுவார்கள்.

உராய்வு அலகு தொடங்க இன்னும் எத்தனை வாரம் இருக்கிறது என்று பாருங்கள். அதற்குக் குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்னால் உங்கள் தனிப்பட்ட சந்திப்பை முடித்துவிடுங்கள். அங்கே அவர்கள் சொல்வது உராய்வோடு தொடர்பில்லாமல், ஒளியைப் பற்றியோ ஒலியைப் பற்றியோ இருந்தால், அலகின் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்வது எட்டாம் வகுப்பு அறிவியலில் எங்குமே இல்லாததாக இருந்தால், அதைக் கற்பிக்கும் ஆசிரியர் உங்கள் பள்ளியில் யார் என்று பார்த்து அவரிடம் கொடுத்துவிடுங்கள். வர வேண்டாம் என்று சொன்னால், நன்றி சொல்லித் திரும்பிவிட்டு, வேறோர் இடத்தில் இதே கேள்விகளோடு போய் உட்காருங்கள்.